ஏசி கப்ளிங்கில் 2 ஹெர்ட்ஸ் சரியாகத் தெரியுமா?

பினாங்கு மின்னலை:
நேற்று பூடு பட்டறை அண்ணன் இங்கே எழுதியது: "12 வோல்ட் டிசி மேல் எவ்வளவு சின்ன ஏசி இருந்தாலும் ஸ்கோப்பை ஏசி கப்ளிங்கில் போடு, உள்ளது உள்ளபடி தெரியும்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஸ்கோப் என்றால் ஆசிலோஸ்கோப், மின் அலையைத் திரையில் வரையும் கருவி. ஏசி கப்ளிங் என்றால் அதன் உள்ளே ஒரு கெப்பாசிட்டர் டிசியைத் தடுத்து, ஆடும் பகுதியை மட்டும் விடுவது. பெரும்பாலான ஸ்கோப்பில் ஏசி கப்ளிங்கின் வெட்டு 10 ஹெர்ட்ஸ் பக்கம்; அதற்குக் கீழே போகப் போக அலை சிறுத்துத் தெரியும். 2 ஹெர்ட்ஸில் ஆடும் 20 மில்லிவோல்ட் அதில் 4 மில்லிவோல்ட்டாகத்தான் தெரியும். ஐந்தில் ஒரு பங்கு! இதுவா உள்ளபடி?

பூடு பட்டறை:
தம்பி, ஜாலான் பாசாரில் 22 வருடமாகப் பவர் சப்ளை பழுது பார்க்கிறேன். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜைத் தாண்டினால் ரிப்பிள், அதாவது டிசி மேல் மிஞ்சும் ஆட்டம், 100 ஹெர்ட்ஸ். அங்கே உன் 10 ஹெர்ட்ஸ் வெட்டு அரை சதவீதம்தான் தின்னும். அதற்கா இந்தக் கூப்பாடு?

மாணவன்98:
அண்ணே, டிசியைத் தடுக்காத டிசி கப்ளிங்கிலேயே பார்த்தால் என்ன?

பினாங்கு மின்னலை:
கட்டத்துக்கு 2 வோல்ட் வைத்தால் 8 கட்டத்துக்கு 16 வோல்ட். எட்டு பிட் ஸ்கோப் அதை 256 படியாக்கும். ஒரு படி 62.5 மில்லிவோல்ட். 20 மில்லிவோல்ட் அதற்குள் தொலைந்துபோகும்.

பூடு அண்ணே, நான் 2 என்கிறேன், நீங்கள் 100 என்கிறீர்கள். போன மாதம் பாயான் லெப்பாஸில் என் மேசைக்கு ஒரு தராசு வந்தது. எடை எண் வினாடிக்கு இரண்டு தடவை தாவியது. ஏசி கப்ளிங்கில் 4 மில்லிவோல்ட்தான். தராசின் 12 வோல்ட் சப்ளை நல்லது என்று திருப்பி அனுப்பினேன். இரண்டே நாளில் திரும்பி வந்தது. அப்புறம் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரைத் தொடரில் போட்டு, ஸ்கோப்பை டிசியில் வைத்தேன். ஸ்கோப்பின் 1 மெகாஓம் உள்தடையோடு சேர்ந்தால் வெட்டு 0.16 ஹெர்ட்ஸ். கோடு திரைக்கு மேலே பறந்துவிட்டது. ஏழெட்டு வினாடி காத்திருந்தேன், கெப்பாசிட்டர் 12 வோல்ட்டுக்கு ஏற ஏற மெல்ல இறங்கி வந்து உட்கார்ந்தது. முழு 20 மில்லிவோல்ட் அலை!

மூத்த சாலிடர்:
பத்து மடங்கு ப்ரோப் (ஸ்கோப்பின் அளவுக் கம்பி) போட்டால் தடை பத்து மடங்காகி உங்கள் 10 ஹெர்ட்ஸ் 1 ஹெர்ட்ஸாகிவிடுமே. கெப்பாசிட்டர் எதற்கு?

பினாங்கு மின்னலை:
ஆகும். அப்போதும் 18 மில்லிவோல்ட்தான் காட்டும். அதுவும் ஸ்கோப்புக்குள் போவது அதில் பத்தில் ஒரு பங்கு. இரைச்சலில் தேட வேண்டியதுதான்.

பூடு பட்டறை:
லோரோங் கூலிட் சந்தையில் வாங்கிய பழைய ஸ்கோப்பில் இரைச்சல் வராமல் என்ன வரும்? 100 ஹெர்ட்ஸில் தப்பு காட்டு, பேசலாம்.

பினாங்கு மின்னலை:
என் ஸ்கோப்பை இழுக்காதீர்கள். ஏசியையும் டிசியையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும் ஏசி பிளஸ் டிசி ஆர்எம்எஸ் மீட்டரிலேயே ரிப்பிளைப் பிரித்துவிடலாம் என்று போன வருடம் சொன்னது யார்? 12 வோல்ட்டோடு 20 மில்லிவோல்ட் சேர்ந்தால் அது காட்டுவது 12.00002. அன்று கணக்கு போட்டுக் காட்டியதும் காணாமல் போனீர்கள்.

பூடு பட்டறை:
அன்று மகள் கல்யாணம். காணாமல் போகவில்லை.

மூத்த சாலிடர்:
கல்யாணப் பேச்சு போதும். எதிர்த்திசையில் 12 வோல்ட் பேட்டரியைத் தொடரில் வைத்து டிசியைக் கழிக்கலாம். நான் அப்படித்தான் அளந்தேன்.

பினாங்கு மின்னலை:
பேட்டரி ஆன்டெனா மாதிரி 50 ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு வரும். முதலில் 2 ஹெர்ட்ஸுக்குப் பதில் வரட்டும். இன்று இரவு இரண்டு திரைப் படத்தையும் போடுகிறேன், 4-ம் 20-ம் பக்கத்தில் பக்கத்தில்.

பூடு பட்டறை:
போடு. ப்ரோபின் கிரவுண்ட் கம்பி எவ்வளவு நீளம் என்றும் படத்தில் தெரியட்டும். உன் 20 மில்லிவோல்ட் அங்கிருந்துதான் வருகிறது.

பினாங்கு மின்னலை:
2 ஹெர்ட்ஸுக்குக் கிரவுண்ட் கம்பியா? நீளக் கம்பி பிடிப்பது வேகமான இரைச்சலை. அண்ணே, 2 ஹெர்ட்ஸ்!