பீடி சுற்றிய அத்தையைப் பற்றி நினைவு மலரில் எப்படி எழுதுவது?

கடனாநதிக்காரன்:
எங்கள் அத்தை (அப்பாவின் அக்கா) போன வாரம் தவறிவிட்டார். 16ஆம் நாள் விசேஷத்துக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க எட்டுப் பக்கத்தில் ஒரு நினைவு மலர் போடலாம் என்று நானும் தம்பியும் இறங்கியிருக்கிறோம். ரெண்டு சிக்கல். முதலாவது வயது. ஆதாரில் ஒன்று, வாக்காளர் அட்டையில் வேறொன்று. அத்தையைக் கேட்டால் "மணிமுத்தாறு அணை கட்டுறப்போ நான் தாவணி போட்டாச்சு" என்பார், அதோடு சரி.

ரெண்டாவதுதான் பெரிய சிக்கல். மாமா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்த பிறகு திண்ணையில் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தவர், கண்ணில் புரை விழும்வரை பீடி சுற்றினார், அதில்தான் பிள்ளைகளை வளர்த்தார், எனக்குப் பாலிடெக்னிக் ஃபீஸ் கட்டினார், எங்கள் அப்பாவுக்கு ஆபரேஷன் என்றபோதும் கம்மலைக் கழற்றிக் கொடுத்தவர் அவர்தான். இப்போது அத்தான் (அத்தையின் மகன், சென்னையில் நல்ல உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்) பீடி என்ற பேச்சே வரக்கூடாது, "விவசாயக் குடும்பம்" என்று போடு என்கிறார். சம்பந்தக்காரர்கள் வருகிறார்களாம். மூத்தவரிடம் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை. என்ன செய்யலாம்?

முக்கூடல் அக்கா:
எழுதுங்க தம்பி! ஆலங்குளம், கடையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றாத தெரு எது? ராத்திரியே இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைக்கணும், விடிந்ததும் தகடு வைத்து வெட்டணும், அப்புறம் புகையிலைத் தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கி, 25 பீடி ஒரு கட்டு. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. சுற்றுவதற்குப் பீடிக்கடையில் கொடுக்கும் இலை பற்றாது, கைக்காசு போட்டு வாங்கணும். கொண்டுபோய்க் கொடுத்தால் கட்டைப் பிரித்துப் பார்த்து ஒரு கை அள்ளி "கழிவு" என்று ஒதுக்குவார்கள். அதற்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்பி வராது. எங்கம்மா அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் யாரோடும் பேச மாட்டாள். இதையெல்லாம் விட்டுவிட்டு "அன்பே உருவானவர்" என்று போட்டால் அது யார் வீட்டு அத்தைக்கும் பொருந்தும்.

சங்கத்துப் பழைய ஆள்:
வயதுக்கு ஒரு வழி சொல்கிறேன். மணிமுத்தாறு அணை வேலை நடந்தது 1950களில். அப்போது தாவணி என்றால் 1940ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். "எண்பது கடந்தவர்" என்று போடுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பீடிக்கடை பாஸ்புக் இருந்தால் தேடி எடுங்கள், ஆனால் அதிலுள்ள பிறந்த தேதியை நம்ப வேண்டாம், பெரும்பாலும் கடைக்காரர் உத்தேசமாக எழுதியது. பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது 1966ல், வருங்கால வைப்புநிதி இவர்களுக்கு வந்தது 1977ல்தான். அதற்கு முன்னால் சுற்றியதெல்லாம் எந்தக் கணக்கிலும் இருக்காது, அந்த வருடங்களை நீங்கள்தான் எழுத வேண்டும்.

பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தால் இறப்புச் சான்றிதழோடு பேங்கில் உடனே சொல்லிவிடுங்கள். ஆயிரம் ரூபாய்தானே என்று விட்டால், இறந்த பிறகு ஏறிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

மேலப்பாளையத்தான்:
அத்தானை ஒரேயடியாகக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. புத்தகப் பையிலும் சட்டையிலும் தூள் வாசனை அடித்து, வகுப்பில் பக்கத்தில் உட்காராதே என்று தள்ளிவிடப்பட்டவனுக்குத்தான் அது தெரியும். அப்புறம், அத்தையைத் தெய்வமாக்கி எழுதிவிடாதீர்கள். கழுத்துவலி, இருமல், கூலி உயர்வுக்கு நடந்த சண்டை எல்லாம் இருந்திருக்கும். அத்தைக்கு மகள் உண்டா? இருந்தால் அவர் எத்தனாம் வகுப்போடு நின்றார் என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் நான் படித்தேன், அக்கா தலை மடக்கினாள்.

கடனாநதிக்காரன்:
மேலப்பாளையத்து அண்ணாச்சி, நீங்கள் கேட்டது சரியான இடத்தில் பட்டது. மதினி (அத்தையின் மகள்) ஆறாம் வகுப்போடு நின்றவர். நேற்று போய் உட்கார்ந்தேன், காபி ஆறிப்போகும்வரை பேசினார். சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோகும் கட்டில் பாதி மதினி சுற்றியதாம், ஆனால் பாஸ்புக் அத்தை பேரில் மட்டும். "உன் ஃபீஸுல என் பீடியும் உண்டுடே" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அத்தை மேல் கோபம் இருந்ததா என்றால், இருந்தது என்கிறார், கல்யாணத்துக்கு அப்புறமும் ரொம்ப நாள் பேசாமல் இருந்தாராம், பிறகு அத்தையே நடந்து போய், மகளுக்கென்று தனியாகச் சேர்த்த சீட்டுப் பணத்தைக் கையில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பியிருக்கிறார்.

இதை மதினி சொல்லச் சொல்ல அவர் பேரிலேயே போடப்போகிறேன். அத்தானுக்கு அவர் அக்கா, ஒன்றும் சொல்ல முடியாது. முக்கூடல் அக்கா, கழிவைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

முக்கூடல் அக்கா:
தாராளமா எடுத்துக்கோங்க தம்பி. என் பேரை மட்டும் போட்டுராதீங்க, பையனுக்குப் பொண்ணு பார்த்துக்கிட்டிருக்கோம்.