உணர்திறன் மிக்க தோலுக்கு ஹைப்போகுளோரஸ் அமில ஸ்பிரே: எதைப் பார்த்து வாங்குவது?

வைகைக்கரை (கேள்வி):

வணக்கம். எனக்குச் சிறு வயதிலிருந்தே தோல் எளிதில் சிவந்து அரிக்கும் இயல்பு உண்டு. ஹெல்மெட் வார் உரசும் தாடையோரத்திலும் கழுத்து மடிப்பிலும் வேர்வை தங்கினால், மாலைக்குள் சிறு சிறு பருக்களும் அரிப்பும் வந்துவிடுகின்றன. தோல் மருத்துவர் அடோபிக் டெர்மடைடிஸ் (எக்சிமா எனப்படும் தோல் அழற்சி) என்று சொல்லி, நாள்தோறும் பூச மாய்ஸ்சரைசரும், தோல் மிகவும் சிவக்கும் நாள்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு களிம்பும் தந்திருக்கிறார். வேர்வையைத் துடைத்த பின், கிருமிகளைக் கொல்லும் குளோரின் சேர்மமான ஹைப்போகுளோரஸ் அமில ஸ்பிரேயை அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தரமானதாகப் பார்த்து வாங்கினால் தடையில்லை என்றார். எது தரமானது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

முதலில் வாங்கியதைத் தெளித்ததுமே சுரீரென்று எரிந்தது. பிளீச்சிங் பவுடர் வாடையும் தூக்கலாக இருந்தது. ஒளி ஊடுருவும் அழகான பாட்டிலில் ரோஜா மணத்தோடு வந்த இரண்டாவது எரியவில்லை, ஆனால் வெறும் தண்ணீரைத் தெளித்ததற்கும் அதற்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. இரண்டின் முகப்பிலும் ஒரே பெயர்தான் இருக்கிறது. ஏன் இப்படி? அடுத்து வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நீர்ச்சோதனை:

குடிநீர் ஆய்வகத்தில் பணிபுரிவதால் குளோரினோடு எனக்கு அன்றாடப் பழக்கம் உண்டு. இரண்டு பாட்டில்களின் பின்பக்கத்தையும் படித்து, பிஎச் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) எவ்வளவு, செறிவு எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு), எதன்மீது பயன்படுத்தச் சொல்லியிருக்கிறது, தயாரித்த தேதி என்ன என்பவற்றை இங்கே எழுத முடியுமா?

வைகைக்கரை:

முதல் பாட்டிலில் 500 பிபிஎம், பிஎச் 8.5 என்று உள்ளது. மிகச் சிறிய எழுத்தில் மேசை, கைப்பிடி, தரை ஆகியவற்றுக்கு என்றும் போட்டிருக்கிறார்கள். இரண்டாவதில் செறிவும் பிஎச்சும் இல்லை. உள்ளடக்கப் பட்டியலில் கற்றாழைச் சாறு, கிளிசரின், நறுமணம் ஆகியவை இருக்கின்றன. தயாரித்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது.

நீர்ச்சோதனை:

நன்றி, காரணம் இதிலேயே இருக்கிறது. ஹைப்போகுளோரஸ் அமிலமும் ஹைப்போகுளோரைட்டும் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருப்பவை. எது மிகுதி என்பதைப் பிஎச்தான் தீர்மானிக்கிறது. பிஎச் 5.5 அளவில் ஏறத்தாழ 99 விழுக்காடு அமில வடிவில் இருக்கும். 7.5 அளவில் பாதிக்குப் பாதி. உங்கள் முதல் பாட்டிலைப் போல 8.5-க்குப் போய்விட்டால் பத்தில் ஒன்பது பங்கு ஹைப்போகுளோரைட்டாகிவிடும், அதாவது நீர்த்த பிளீச்தான் அது. தோலின் மேற்பரப்பு இயல்பாகவே இலேசான அமிலத்தன்மை உடையது என்பதால், ஏற்கெனவே அரிப்பெடுத்துக் கீறல் விழுந்த இடத்தில் இந்தக் காரக் கரைசல் பட்டால் எரியத்தான் செய்யும். போதாக்குறைக்கு, முகத்துக்கென்று விற்பவை பெரும்பாலும் 100 முதல் 200 பிபிஎம் வரைதான், அதாவது 0.01 முதல் 0.02 விழுக்காடுதான் இருக்கும். 500 பிபிஎம் உள்ள உங்கள் முதல் பாட்டில் தரை துடைக்கும் பொருள். முகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

இரண்டாவதன் கதை வேறு. இந்த அமிலம் எதிர்ப்படும் கரிமப் பொருளோடெல்லாம் வினைபுரிந்து தன்னையே செலவழித்துக்கொள்ளும்; நம் உடலின் வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்ல இதையே உருவாக்கிக்கொள்வதும் அந்த வேகத்துக்காகத்தான். அப்படிப்பட்டதை நறுமண எண்ணெயோடும் கற்றாழைச் சாற்றோடும் ஒரே பாட்டிலில் மாதக்கணக்கில் வைத்தால், கடைசியில் உங்களுக்குக் கிடைப்பது மணமுள்ள உப்புநீர். வெளிச்சமும் வெப்பமும் சேர்ந்துகொண்டால் இன்னும் விரைவாகக் கெடும். எனவே மணம் சேர்த்ததையும் ஒளி ஊடுருவும் பாட்டிலில் வருவதையும் நான் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடுவேன். நல்ல ஸ்பிரேயின் பட்டியல் மிகக் குட்டையாக இருக்கும்: நீர், சோடியம் குளோரைடு, ஹைப்போகுளோரஸ் அமிலம், சிலவற்றில் பிஎச்சை நிலைநிறுத்த ஒரு பாஸ்பேட் உப்பு.

பழையபேட்டை:

உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி வீட்டிலேயே தயாரிக்கும் சிறு கருவி கிடைக்கிறது. அன்றன்றைக்குப் புதிதாகச் செய்துகொண்டால் பழையதாகும் கவலை இல்லையே? முதல் உலகப் போரிலேயே காயங்களைக் கழுவ இதைத்தான் பயன்படுத்தினார்கள் என்றும் விளம்பரத்தில் படித்தேன்.

நீர்ச்சோதனை:

ஐயா, போர்க்காலத்தில் பயன்பட்டது 1915-இல் ஹென்றி டாக்கின் உருவாக்கிய கரைசல். அது ஏறத்தாழ 0.5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட். மருத்துவமனையில் ஆழமான புண்ணைக் கழுவியதை வைத்து, நாள்தோறும் முகத்தில் தெளிக்கும் பொருளுக்குச் சான்று சொல்வது பொருந்தாது.

கருவியைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இடையில் சவ்வு இல்லாத எளிய கருவியில் வெறும் உப்புநீரை ஊற்றினால் வருவது காரத்தன்மையுள்ள ஹைப்போகுளோரைட்தான். அதைச் சரிசெய்ய வினிகர் ஊற்றச் சொல்வார்கள். அளவு கூடிப் பிஎச் மிகவும் இறங்கினால் குளோரின் வாயு கிளம்பும். கடையில் வாங்கிய பிளீச்சில் வினிகர் கலந்து பார்க்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து கைவிடுங்கள். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

தாழம்பூ:

என் மகளுக்கு எக்சிமா இருப்பதால் பயன்படுத்தும் முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புதிய பாட்டில் எதுவானாலும் முதலில் முழங்கையின் உள்பக்கத்தில் தெளித்துச் சில நாள்கள் பார்த்துவிட்டே கழுத்துக்கும் முகத்துக்கும் போவோம். வேர்வையையும் சன்ஸ்கிரீனையும் கழுவித் துடைத்த தோலில் தெளித்து, தானாக உலரவிட்டு, அதன் பிறகே மாய்ஸ்சரைசர் பூசுகிறோம். அழுக்கின்மேல் தெளித்தால் அமிலம் அந்த அழுக்கிலேயே செலவாகிவிடும். வெடிப்பு விழுந்த இடத்தில் நல்ல ஸ்பிரேயில் உள்ள உப்பும் சற்றே கரிக்கும். சில நொடிகளில் அடங்காமல் எரிச்சல் நீடித்தால் தண்ணீரில் கழுவிவிடுங்கள். பாட்டிலை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள், வெயிலில் அது அடுப்பு மாதிரி. உலோகப் பாட்டிலுக்கு மாற்றுவதும் கூடாது.

வைகைக்கரை:

மிக்க நன்றி. இப்போது ஒளி புகாத வெள்ளைப் பாட்டிலில், 150 பிபிஎம், பிஎச் 5 முதல் 6 வரை, மூன்றே உள்ளடக்கப் பொருள்கள், சென்ற மாதத் தயாரிப்பு என்று ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. கூரியரில் வெயிலில் கிடந்து வந்தால் வீரியம் குறைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே அறிய வழி உண்டா? இரவில் வைட்டமின் சி சீரம் பூசுகிறேன், அதோடு இது ஒத்துப்போகுமா?

நீர்ச்சோதனை:

நீங்கள் சொல்வது வாங்கத் தகுந்ததாகவே தெரிகிறது. நீச்சல் குளத்துக்கான குளோரின் சோதனைப் பட்டை போதும், ஆனால் அது பெரும்பாலும் 10 பிபிஎம் வரைதான் காட்டும் என்பதால் நேரடியாக நனைக்காதீர்கள். 5 மில்லி ஸ்பிரேயை 95 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கலந்து பாருங்கள். 150 பிபிஎம் என்றால் 7.5 பிபிஎம் அளவுக்கு நிறம் வர வேண்டும். குழாய்த் தண்ணீரிலேயே குளோரின் இருக்கக்கூடும், அதனால் அது வேண்டாம். நிறம் ஏறவே இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வைட்டமின் சி-யை இந்த அமிலம் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று வீணடிக்கும். சீரத்தை இரவுக்கே வைத்துக்கொண்டு, ஸ்பிரேயைப் பகலில் வேர்வைக்குப் பின் பயன்படுத்துங்கள்.

தாழம்பூ:

ஒன்று விட்டுப்போனது. நீர் கசிந்தாலோ தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினாலோ தொற்றாக இருக்கலாம். ஸ்பிரேயைக் கூட்டிக்கொண்டு காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தந்த களிம்பையும் இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.