கொல்லிமலை ஏற 11-28 பத்தவில்லை, 11-34 கேசட் மட்டும் மாற்றினால் போதுமா?

நாமக்கல் மிதி:
வணக்கம் நண்பர்களே. என் ரோடு பைக்கில் இருப்பது ஷிமானோ 105 ஆர்7000, முன்னால் 50-34 பல், பின்னால் கேசட் (பல்சக்கர அடுக்கு) 11-28 பல். சமதளத்தில் ஒரு குறையும் இல்லை. போன ஞாயிறு காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினேன். 70 கொண்டை ஊசி என்று தெரிந்துதான் போனேன், ஆனால் பாதி வளைவு தாண்டுவதற்குள் கடைசி கியரிலேயே கேடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை மிதி) 45க்கு இறங்கிவிட்டது, வளைவின் உள்பக்கம் மாட்டிக்கொண்டால் எழுந்து நின்றுதான் மிதிக்க வேண்டியிருந்தது, ஓரிடத்தில் பஸ்ஸுக்கு வழிவிட இறங்கியவன் மறுபடி ஏறி மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டே போனேன். முட்டி இன்னும் வலிக்கிறது. கடையில் கேட்டால் "34 போட்டுடலாம் சார்" என்று உடனே சொல்லிவிட்டார்கள். அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

பழைய செயின்:
பணம் கொடுக்கும் முன், பின்னால் செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் ரியர் டீரெய்லரின் பின்பக்கம், சக்கரத்தைப் பார்த்த பக்கத்தில், எஸ்எஸ் என்று இருக்கிறதா ஜிஎஸ் என்று இருக்கிறதா பாருங்கள். எஸ்எஸ் என்றால் குட்டைக் கேஜ் (செயினை இழுத்துப் பிடிக்கும் தொங்கு கை), ஷிமானோ கணக்கில் பெரிய பல்சக்கரம் 30 வரைதான். ஜிஎஸ் என்றால் 34 வரை போகலாம். இன்னொரு கணக்கும் உண்டு. முன்னால் 50க்கும் 34க்கும் வித்தியாசம் 16, பின்னால் 34க்கும் 11க்கும் 23, மொத்தம் 39. ஜிஎஸ் தாங்குவது சரியாக 39, எஸ்எஸ் 35தான். மீறிப் போட்டால் முன்னும் பின்னும் சின்னப் பல்லில் இருக்கும்போது செயின் தொங்கும், அதற்காகச் செயினைக் குறைத்தால் இரண்டும் பெரியதில் இருக்கும்போது இழுத்து டீரெய்லரையே பிய்த்துவிடும்.

ஊட்டி ஏத்தம்:
எதற்கு இவ்வளவு செலவு? நான் 28-லேயே கோத்தகிரி ஏறியிருக்கிறேன். கால் பழகினால் எல்லாம் சரியாகும்.

பழைய செயின்:
அண்ணா, உங்கள் கால் உங்களுக்கு. அவருக்கு முட்டி வலிக்கிறது. முன்னால் 34, பின்னால் 28-ல் (34/28) 45 மிதிக்கிறவர் அதே வேகத்தில் 34/34 போட்டால் 55 மிதிப்பார், ஒவ்வொரு மிதியிலும் அழுத்தம் அந்த அளவுக்குக் குறையும். ஏறிப் பழகவும் முட்டி வேண்டுமே.

நாமக்கல் மிதி:
பார்த்தேன், எஸ்எஸ்தான் 😞 அப்போ 11-30 போட்டுப் பார்க்கவா?

பழைய செயின்:
45 வெறும் 48 ஆகும். காசுக்கு வீண் என்பேன். எஸ்எஸ்ஸில் 32 ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் கொஞ்ச நாள் பி-ஸ்க்ரூவை (டீரெய்லரைப் பல்சக்கரத்திலிருந்து தள்ளி வைக்கும் திருகு) நன்றாக உள்ளே திருகி ஓட்டினேன், ஆனால் அது பைக்குக்குப் பைக் மாறும், நம்பிச் சொல்ல மாட்டேன். ஜிஎஸ் டீரெய்லர், 11-34 கேசட், புதுச் செயின், மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய செயின் நீளமும் பத்தாது, தேய்ந்திருந்தால் புதுப் பல்லில் வழுக்கவும் செய்யும். செயினை வெட்டும்போது டீரெய்லரில் நுழைக்காமல் முன்னால் 50, பின்னால் 34 மேல் சுற்றி அளந்து, அதற்குமேல் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். நீளமாக இருந்தால் இன்னொரு முறை வெட்டிக்கொள்ளலாம்.

சேலம் ஸ்போக்:
ஒன்றை யாரும் சொல்லவில்லை. 11-34 டப்பாவில் மெல்லிய வளையம் ஒன்று வரும், 1.85 மி.மீ. ஸ்பேசர். 11 ஸ்பீடு ரோடு ஃப்ரீஹப் (சக்கரத்தில் கேசட் மாட்டும் உருளை) என்றால் கேசட்டுக்கு முன்னால் அதைத்தான் முதலில் போட வேண்டும். உங்கள் 11-28க்கு அது தேவைப்பட்டிருக்காது, அதனால் பழையதைக் கழற்றும்போது கண்ணில் படாது. நான் அதைப் பேக்கிங் சாமான் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். கேசட்டைப் பிடிக்கும் லாக் ரிங்கை முழுசாக இறுக்கியும் கேசட் கையில் கடகடவென்று ஆடியது, அரை மணி நேரம் ஹப்தான் போய்விட்டது என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன், அப்புறம் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து எடுத்தேன்.

நாமக்கல் மிதி:
ஹாஹா, நல்லவேளை சொன்னீர்கள். சமதளத்தில் ஏதாவது இழப்பேனா?

சேலம் ஸ்போக்:
12-ம் 14-ம் போய்விடும். 11, 13, 15, 17 என்று தாவும். எதிர்க்காற்றில் கூட்டமாக ஓட்டும்போது 13 கனமாக இருக்கும், 15 லேசாக இருக்கும், நடுவில் ஒன்று இல்லையே என்று எரிச்சல் வரும். தனியாக ஓட்டினால் நான்கு நாளில் மறந்துவிடுவீர்கள்.

நாமக்கல் மிதி:
தனியாகத்தான் ஓட்டுகிறேன். சரி, ஜிஎஸ் விலை விசாரிக்கிறேன். கேசட் கழற்றும் செயின் விப் சேலத்தில் யாரிடமாவது இரவல் கிடைக்குமா?

சேலம் ஸ்போக்:
என்னிடம் இருக்கிறது, லாக் ரிங் டூலும் சேர்த்து. ஞாயிறு காலை வாங்க.