பாரமவுண்ட் 12474: இரைச்சல், ஏறிய சுருதி, பாட்டும் வேறு மாதிரி. உதவி தேவை

கேள்வி

அமெரிக்க புளூஸ் பாடகர், கிட்டார் கலைஞர் பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனின் 'மேட்ச் பாக்ஸ் புளூஸ்', பாரமவுண்ட் நிறுவனத்தின் தட்டு எண் 12474, 10 அங்குல 78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டு). விரிசல் இல்லை. விளிம்பில் சின்னச் சில்லு ஒன்று உடைந்திருக்கிறது, அது குரூவை (பாட்டு பதிந்த பள்ளத்தை) தொடவில்லை. டர்ன்டேபிளில் 33, 45, 78 மூன்று வேகமும் உண்டு, ஃபோனோ ப்ரீஆம்ப் (ஊசியிலிருந்து வரும் மெல்லிய சைகையைப் பெருக்கும் பகுதி) உள்ளேயே இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தும் தலைப்பகுதி) ஆடியோ-டெக்னிகா விஎம்95இ, எல்பிக்கு (33 வேகத் தட்டுக்கு) வந்த அதே ஊசி, 2 கிராம் அழுத்தம்.

பிரச்சினைகள்: எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போல ஓயாத இரைச்சல். குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல அமுங்கிக் கேட்கிறது. மறுவெளியீட்டுக் கோப்போடு ஒப்பிட்டால் கிட்டார் ஏறக்குறைய 40 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேலே நிற்கிறது. தட்டின் கடைசிப் பகுதியில் ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி ஆடுகிறது. எல்லாவற்றையும்விடக் குழப்பம், மறுவெளியீட்டில் கேட்கும் கிட்டார் வாசிப்பும் சில வரிகளும் என் தட்டில் இல்லை. இது போலியா?

சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து லேபிள் ஓரமாக ஒரு முறை துடைத்தேன். பஞ்சு கருப்பாகிவிட்டது. அவ்வளவு அழுக்கு என்றால் முழுத் தட்டையும் அப்படியே துடைக்கலாமா?

பதில் 1

ஸ்பிரிட்டை உடனே நிறுத்துங்கள். பஞ்சில் வந்தது அழுக்கு இல்லை, தட்டே கரைந்து வந்திருக்கிறது. 78 தட்டு என்பது அரக்கு, கல்தூள், கரி மூன்றும் சேர்ந்தது. தச்சர்கள் மேசைக்குப் பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்கள்? ஸ்பிரிட்டில்தானே. (அந்தக் காலத்து அமெரிக்கத் தட்டுகளுக்குப் போன அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து கப்பலேறியது.) துடைத்த இடம் பளபளப்பு போய் மங்கியிருக்கும். அதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. குரூவுக்குள் போகாமல் லேபிள் ஓரத்தோடு நின்றது நல்லதாயிற்று.

கழுவும் முறை: காய்ச்சி வடித்த நீர் அரை லிட்டர், அதில் வாசனையும் நிறமும் இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் 2 சொட்டு. மென்மையான பிரஷை நனைத்து, குரூவின் போக்கிலேயே மூன்று சுற்று. லேபிள் நனையவே கூடாது. பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரில் இன்னொரு பிரஷால் இரண்டு சுற்று. மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, செங்குத்தாக நிறுத்தி நிழலில் 2 மணி நேரம் காயவிடுங்கள். தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், கல்தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், அதிலுள்ள உப்பு குரூவில் படிந்து புது இரைச்சலாகிவிடும்.

இந்த முறை எல்லா 78-க்கும் பொருந்தாது. எடிசன் டயமண்ட் டிஸ்க்கையும் அட்டைமேல் பூச்சுப் பூசிய தட்டுகளையும் தண்ணீர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அடுக்கடுக்காகச் செய்த பழைய கொலம்பியா தட்டில் விரிசல் இருந்தால் ஈரம் உள்ளே போய் உப்பிவிடும்.

பதில் 2

ஊசியை மாற்றும்வரை தட்டை ஓட்டாதீர்கள். எல்பி ஊசியின் முனை ஆரம் 0.7 மில் (ஒரு மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 18 மைக்ரான். 78 குரூவுக்கு வேண்டியது 3 மில், 76 மைக்ரான். உங்கள் ஊசி குரூவின் சுவரைத் தொடாமல் அடியில் கிடந்து உருள்கிறது. பாட்டு இருப்பது சுவரில். அடியில் இருப்பது 95 வருடத்துக்கு மேல் சேர்ந்த தூசியும், இரும்பு ஊசி அரைத்த பொடியும். நீங்கள் கேட்கும் கடுகு வெடிப்பில் பெரும்பங்கு அதுதான்.

கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டாம். விஎம்95 வரிசை முழுக்க ஒரே உடல், ஊசிப் பகுதியை மட்டும் முன்பக்கமாக இழுத்துக் கழற்றி விஎம்என்95எஸ்பி பொருத்தினால் போதும். அதன் அழுத்தம் 5 கிராம் (4.5 முதல் 5.5 வரை). கார்ட்ரிட்ஜைத் தாங்கும் பல ஆர்ம்களின் எதிர் எடையில் குறிகள் 3 அல்லது 4 கிராமோடு நின்றுவிடும், அதனால் குறியை நம்பாமல் ஊசித் தராசு வைத்து அளந்து விடுங்கள். எல்பி ஊசியிலேயே அழுத்தத்தைக் கூட்டிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

சுருதிக்கு முதல் சந்தேகம் டர்ன்டேபிள் மீதே. சரியான வேகம் 60 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள ஊரில் 78.26, 50 ஹெர்ட்ஸ் ஊரில் 77.92. தட்டின்மேல் வைக்கும் கோடு போட்ட ஸ்ட்ரோப் தாளில் முதலாவதற்கு 92 கோடு, இரண்டாவதற்கு 77; வேகம் சரியென்றால் விளக்கொளியில் கோடு நின்றாற்போல் தெரியும். எல்ஈடி பல்பு வெளிச்சத்தில் பல நேரம் கோடு நிற்காது. நியான் விளக்கோ ஸ்ட்ரோப் விளக்கோ வேண்டும். அதெல்லாம் இல்லையென்றால் தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, 3 நிமிடம் வீடியோ எடுத்துச் சுற்றுகளை எண்ணுங்கள். 235-க்கு ஒட்டி வர வேண்டும்.

பதில் 3

போலி என்று முடிவுகட்ட அவசரப்படாதீர்கள். இதே 12474 எண்ணில் பாரமவுண்ட் இரண்டு வேறு பதிவுகளை வெளியிட்டது. இரண்டும் 1927-இல் சிகாகோவில் எடுத்தவை: மேட்ரிக்ஸ் (பதிவு எண்) 4424 டேக் (எத்தனையாவது முறை பாடியது) 2, மேட்ரிக்ஸ் 4446 டேக் 4. லேபிளில் வித்தியாசம் தெரியாது. பாடல் முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே இருக்கும் வெற்று வளையத்தைப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் எண் தெரியாது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தட்டின் மட்டத்துக்கே தாழ்த்தி ஓரமாக அடியுங்கள், பதிந்த எண்ணின் நிழல் எழும்பும்.

மூன்றாவதும் ஒன்று உண்டு. அதே 1927 மார்ச்சில் அட்லாண்டாவில் ஓகே நிறுவனத்துக்குப் பாடியது, ஓகே 8455. மறுவெளியீடுகளில் ஒலி தெளிவு என்று பலர் எடுத்துக்கொள்வது அதைத்தான். உங்கள் கோப்பு அதுவாகவும் இருக்கலாம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஒரே மனிதர், ஒரே பாட்டு, ஒவ்வொரு முறையும் வரிகளுக்கு நடுவே கிட்டார் வேறு வழியில் ஓடும். ஜெஃபர்சனைச் சேகரிப்பவர்கள் டேக் எண்ணைக் கேட்டுத்தான் விலை பேசுவார்கள், காரணம் இதுதான்.

கேட்டவர்

கழுவினேன், ஊசி மாற்றினேன், தராசில் 5.0 கிராம். 3 நிமிடத்தில் சுற்று 240 வந்தது. வளையத்தில் 4446, கொஞ்சம் தள்ளி 4. வெடிப்புச் சத்தம் பாதிக்கு மேல் போய்விட்டது, குரல் முன்னால் வந்துவிட்டது. ஆனால் இன்னும் கூர்மை இல்லை, மணல் தேய்ப்பது போன்ற சீறல் நிற்கவில்லை, கடைசியில் சுருதி ஆடுவதும் அப்படியே இருக்கிறது.

பதில் 2

240 சுற்று என்றால் நிமிடத்துக்கு 80. அது 78.26-ஐவிட 2.2 சதவீதம் கூட, 38 சென்ட். உங்கள் 40 சென்ட் அங்கேயே கணக்குத் தீர்ந்தது. வேகத் திருகு இல்லாவிட்டால் கணினியில் 'சேஞ்ச் ஸ்பீட்' வைத்து இறக்குங்கள். 'சேஞ்ச் பிட்ச்' வேண்டாம், அது நீளத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் வளைக்கும். ஆனால் 1920-களில் பதிவு எந்திரமே துல்லியமாக 78-இல் ஓடியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 78.26 தொடக்கப்புள்ளிதான், கடைசி முடிவு காதினுடையது.

கூர்மை இல்லாததற்குக் காரணம் ப்ரீஆம்ப். அதற்குள் இருப்பது ஆர்ஐஏஏ வளைவு, தாழ்ந்த ஒலியை ஏற்றி உயர்ந்த ஒலியைக் குறைப்பது, 1954-இல் எல்பிக்காக வந்தது. அது 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபெல் குறைத்துவிடும். உங்கள் தட்டை வெட்டியபோது அப்படி ஏற்றிவைக்கவே இல்லை, அதனால் குறைத்தது முழுக்க நஷ்டம்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் இரண்டு சேனலாகவே பதிவு செய்யுங்கள். முதலில் டிக் சத்தங்களை நீக்குங்கள், ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது) செய்த பிறகு அல்ல. ஈக்யூ ஒவ்வொரு டிக்கையும் இழுத்து அகலமாக்கிவிடும், பிறகு மென்பொருளுக்கு அது அகப்படாது. அடுத்து ஆர்ஐஏஏ-வைத் தலைகீழாக்குங்கள் (டெசிபெல் கணக்கில்): 50 ஹெர்ட்ஸில் -17, 100-இல் -13.1, 500-இல் -2.6, 1,000-இல் 0, 2,000-இல் +2.6, 5,000-இல் +8.2, 10,000-இல் +13.7. இப்போது வளைவே இல்லாத ஒலி கிடைக்கும், மெலிந்து கேட்கும். அதன்மேல் 250 ஹெர்ட்ஸ் டர்ன்ஓவர் (அதற்குக் கீழே தாழ்ந்த ஒலியை ஏற்றும் எல்லை): 250-இல் +3, 125-இல் +7, 62-இல் +12. கிட்டாரின் கீழ்த்தந்தி தடித்துக் குழம்பினால் 200-க்கு இறக்கிப் பாருங்கள். கடைசியாக 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மெதுவாகக் குறையுங்கள். அதற்கு மேலே இந்தத் தட்டில் இருப்பது பெரும்பாலும் சீறல்தான்.

இரண்டு சேனலையும் சேர்த்து மோனோ ஆக்கினால் செங்குத்து அதிர்வால் வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சேர்க்கும் முன் தனித்தனியே கேளுங்கள். பழைய கிராமபோனின் கனத்த தலை ஒரு சுவரை அதிகமாகத் தேய்த்திருந்தால் நல்ல சுவரை மட்டும் எடுத்துக்கொள்வது மேல். இரண்டுமே சத்தமான இடங்களில் கரகரத்தால் 2.5 மில், 3.5 மில் ஊசிகளையும் போட்டுப் பாருங்கள். இரும்பு ஊசி தேய்க்காத உயரத்தில் ஒன்று போய் உட்காரும்.

பதில் 1

சுருதி ஆடுவது துளை நடுவில் இல்லாததால். துளை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே, ஊசி 60 மி.மீ. ஆரத்துக்கு வரும்போது சுருதி 0.8 சதவீதம், அதாவது 14 சென்ட், மேலும் கீழும் போகும். வெளி விளிம்பில் 0.4 சதவீதம்தான் என்பதால் அங்கே காதுக்குத் தெரிவதில்லை.

ஆர்மைப் பக்கவாட்டில் கவனியுங்கள், ஒவ்வொரு சுற்றிலும் உள்ளும் வெளியுமாக அசையும். அது மிக வெளியே இருக்கும் நொடியில் தட்டை நிறுத்தி, ஊசியைத் தூக்கிவிட்டு, ஊசி இருந்த பக்க விளிம்பை நடுத்தண்டு நோக்கி மயிரிழை தள்ளுங்கள். துளை கொஞ்சம் தளர்ந்திருந்தால் இரண்டு மூன்று முயற்சியில் ஆர்ம் அசையாமல் நிற்கும். துளை இறுக்கமாக இருந்தால் அரம் போட்டுப் பெரிதாக்காதீர்கள், நடுத்தண்டைக் கழற்ற முடிகிற டர்ன்டேபிள் கிடைக்கும்வரை ஆட்டத்தோடேயே பதிந்து வையுங்கள்.

பதில் 3

மிச்சமிருக்கும் மணல் சீறலோடு சமாதானமாகிவிடுங்கள். பாரமவுண்ட் விஸ்கான்சினில் ஒரு நாற்காலிக் கம்பெனியின் கிளைத் தொழில். மலிவான கலவையில் அழுத்திய தட்டுகள், புதிதாகக் கடையில் வாங்கியபோதே சீறியவை. நாய்ஸ் ரிடக்‌ஷனை அழுத்தமாகப் போட்டால் சீறலோடு விரல் நகம் தந்தியைத் தொடும் சத்தமும் போய்விடும். அந்தச் சத்தம் இல்லாமல் ஜெஃபர்சன் இல்லை.

அடுத்த தட்டு வாங்கும்போது, தட்டின் நிலையைக் குறிக்க விற்பவர் போடும் 'வி' என்ற கிரேடை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். பளபளவென்று இருக்கும் தட்டும் தேய்ந்திருக்கும். குரல் உயரும் இடத்தில் குரூவின் நிறம் சாம்பலாக மாறியிருக்கிறதா என்று சாய்ந்த வெளிச்சத்தில் படம் கேளுங்கள், 20 நொடி ஒலித் துண்டும் கேளுங்கள். அனுப்பச் சொல்லும்போது உறையைவிடப் பெரிய நெளியட்டைகள் இரண்டுக்கு நடுவே தட்டு, அது ஒரு பெட்டியில், அந்தப் பெட்டி இன்னொரு பெட்டியில், நடுவே சுற்றிலும் 5 செ.மீ. பஞ்சு என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

கேட்டவர்

துளை தளர்வாகத்தான் இருந்தது, இரண்டாவது தள்ளலில் ஆர்ம் நின்றுவிட்டது. டிக் நீக்கி, வளைவு மாற்றி, இடது சுவரை மட்டும் எடுத்தேன். வரிகளுக்கு நடுவே ஓடும் கீழ்த்தந்தி இப்போது ஒவ்வொரு அடியாகக் கேட்கிறது. பதிந்த மூலக் கோப்பை அழித்துவிடலாமா?

பதில் 2

கூடவே கூடாது. பாரமவுண்டின் உலோக அச்சுகள் பெரும்பாலும் அழிந்துபோயின, இந்தப் பாட்டுக்கு மூலம் என்று மிஞ்சியிருப்பது இப்படிப்பட்ட தட்டுகள்தான். ஈக்யூ இல்லாத, டிக் நீக்காத இரண்டு சேனல் கோப்பைத் தொடாமல் வையுங்கள். பெயரிலேயே எழுதுங்கள்: பாரமவுண்ட் 12474, 4446-4, ஊசி 3 மில், 5 கிராம், ஓடிய வேகம் 80, ஆர்ஐஏஏ உண்டு. தட்டை அமிலமில்லாத உறையில் போட்டுச் செங்குத்தாக நிறுத்துங்கள். இனிக் கேட்பதெல்லாம் கோப்பிலிருந்து.