எக்ஸோர்க்.கொன்ஃப் கோப்பையே காணவில்லை: திரை அமைப்பை எங்கிருந்து எடுப்பது?

தலவாக்கலை டீச்சர்:
பாடசாலை ஆய்வுகூடத்தில் 12 பழைய கணினிகள். எல்லாமே லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டொப், இன்டெல் கிராஃபிக்ஸ். மொனிட்டர்கள் ஒரே மாடல், 17 அங்குலச் சதுரத் திரை, விஜிஏ கேபிள். 9 கணினிகளில் 1280×1024 தானாக வருகிறது. மற்ற 3-இலும் 1024×768க்கு மேல் பட்டியலில் ஒன்றுமே இல்லை, எழுத்தெல்லாம் கலங்கித் தெரிகிறது. நல்ல கணினியின் அமைப்புக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துப் போடலாம் என்றால் /எட்ஸி/எக்ஸ்11 கோப்புறையில் எக்ஸோர்க்.கொன்ஃப் இல்லை. எங்கே தேடுவது?

ஹட்டன் பெங்குவின்:
டீச்சர், அது தொலையவில்லை, எழுதப்படவே இல்லை. திரையில் படம் காட்டும் மென்பொருளான எக்ஸோர்க் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் "உன்னால் என்னென்ன காட்ட முடியும்" என்று கேபிள் வழியே மொனிட்டரிடம் கேட்கும். வரும் விடை 128 பைட் தகவல், பெயர் ஈடிஐடி. விடை வராவிட்டால் லினக்ஸின் உட்கருவான கெர்னல் 1024×768 வரைக்கும்தான் பட்டியல் போடும். உங்கள் மூன்றிலும் நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

(கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்; விஜிஏ மட்டும் பெரிய எழுத்தில், எக்ஸ்11, எக்ஸோர்க்.0.லொக் பெயர்களில் முதல் எக்ஸும் பெரிய எழுத்து.)

பழுதான கணினியில்:
டபிள்யூசி -சி /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம்/கார்ட்0-விஜிஏ-1/ஈடிஐடி

சிலவற்றில் கார்ட்1 என்றிருக்கும். 128 வந்தால் தகவல் வருகிறது, 0 என்றால் வரவில்லை. எல்எஸ் -எல் போட்டு அளவு பார்க்காதீர்கள். இந்த இடத்தில் அது நல்ல கணினியிலும் 0 என்றே காட்டும்.

நல்ல கணினியில் இரண்டு இடத்தில் எடுக்கலாம். "எக்ஸ்ரேண்டர் --வெர்போஸ்" கொடுத்தால் இணைப்பின் பெயர், ஈடிஐடி, ஒவ்வொரு ரெசொலூஷனின் நேரக்கணக்கு எல்லாம் வரும். நட்சத்திரம் போட்ட வரிதான் இப்போது ஓடுவது; கூட்டல் குறி மொனிட்டர் விரும்புவது. இன்னொன்று /வார்/லொக்/எக்ஸோர்க்.0.லொக். அங்கே இல்லாவிட்டால் வீட்டுக் கோப்புறையில் .லோக்கல்/ஷெயார்/எக்ஸோர்க் உள்ளே பாருங்கள். அதில் "மோட்லைன்" (நேரக்கணக்கு வரி) என்று தேடினால் 1280×1024க்கு உரிய வரி ஆயத்தமாகவே கிடைக்கும்.

எக்ஸ்எஃப்சிஇயின் டிஸ்ப்ளேஸ்.எக்ஸ்எம்எல் கோப்பை மட்டும் பிரதி எடுக்க வேண்டாம். எந்த ரெசொலூஷனைத் தேர்ந்தீர்கள் என்பது மட்டுமே அதில் இருக்கிறது. பட்டியலில் இல்லாததை அதனால் உண்டாக்க முடியாது.

பண்டாரவளை சோல்டரிங்:
கோப்பைத் தொடுவதற்கு முன் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். ஈடிஐடி 12ஆம், 15ஆம் பின்கள் வழியாக வருகிறது: மூன்றாம் வரிசையில் இரண்டாவதும் கடைசியும். சில மலிவுக் கேபிள்களில் 12 இல்லாமலே வரும். நம் பக்கத்துப் பனிக்கும் ஈரத்துக்கும் பின்னில் பச்சை பிடிப்பதும் சாதாரணம். நிறச் சமிக்ஞை வேறு பின்களில் போவதால் படம் ஒழுங்காகத் தெரியும், ரெசொலூஷன் மட்டும் குறையும். இரண்டாம் வரிசையில் 9ஆம் பின் இல்லாவிட்டால் பயப்படாதீர்கள், பல கேபிள்களில் அது கிடையாது.

தலவாக்கலை டீச்சர்:
மூன்றிலும் 0 தான் வந்தது. நல்ல கணினியின் கேபிளை மாற்றிப் போட்டதும் இரண்டு 128க்கு வந்து 1280×1024 எடுத்துவிட்டன. அவற்றின் பழைய கேபிள்களில் 12ஆம் பின் இல்லை! மூன்றாவதில் கேபிளும் மொனிட்டரும் மாற்றியும் 0 தான்.

ஹட்டன் பெங்குவின்:
அப்படியென்றால் மதர்போர்டின் சொக்கெட் பக்கம்தான் பழுது. அந்த ஒன்றுக்கு மட்டும் கோப்பு எழுதுவோம். /எட்ஸி/எக்ஸ்11 உள்ளே எக்ஸோர்க்.கொன்ஃப்.டி என்ற கோப்புறை இல்லாவிட்டால் உருவாக்கி, 10-மொனிட்டர்.கொன்ஃப் என்று ரூட் (நிர்வாகி) உரிமையில் சேமியுங்கள்:

செக்ஷன் "மொனிட்டர்"
ஐடென்டிஃபையர் "விஜிஏ-1"
மோட்லைன் "1280×1024" 108.00 1280 1328 1440 1688 1024 1025 1028 1066 +எச்சிங்க் +விசிங்க்
ஒப்ஷன் "பிரிஃபர்ட்மோட்" "1280×1024"
எண்ட்செக்ஷன்

பெருக்கல் குறிக்கு ஆங்கில எக்ஸ் எழுத்து. 108.00 என்பது மெகாஹெர்ட்ஸில் பிக்சல் வேகம். அடுத்த நான்கும் கிடைக்கோட்டுக் கணக்கு, கடைசி நான்கும் நிலைக்குத்துக் கணக்கு. இது 60 ஹெர்ட்ஸ் நியமக் கணக்கு, உங்கள் லொக்கில் உள்ள வரியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். "சிவிடி 1280 1024" கட்டளை 109.00 என்று வேறு கணக்குத் தரும். ஓடும்தான், ஆனால் சில மொனிட்டர்களில் படம் ஓரமாக நகர்ந்து நிற்கும்.

ஐடென்டிஃபையரை அந்தக் கணினியின் எக்ஸ்ரேண்டர் காட்டுகிற பெயரில்தான் எழுத வேண்டும். மோட்செட்டிங் டிரைவர் விஜிஏ-1 என்கும், பழைய இன்டெல் டிரைவர் விஜிஏ1 என்கும். கோடு ஒன்று மாறினாலும் எக்ஸோர்க் சத்தமில்லாமல் கோப்பைத் தாண்டிப் போய்விடும்.

பதுளை டெர்மினல்:
இன்னொரு வழி: நல்ல கணினியின் ஈடிஐடியை அப்படியே /லிப்/ஃபர்ம்வெயார்/ஈடிஐடி உள்ளே 17.பின் என்று போட்டு, கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப்பின் அமைப்பில் டிஆர்எம்.ஈடிஐடி_ஃபர்ம்வெயார்=விஜிஏ-1:ஈடிஐடி/17.பின் சேர்க்கலாம். உள்நுழைவுத் திரைக்கு முன்பே சரியாகும், எக்ஸோர்க்குக்குப் பதிலாக வரும் வேலேண்டிலும் வேலை செய்யும். ஆனால் இன்டெல் டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலேயே (கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) ஏறினால் அந்தக் கோப்பையும் அதற்குள் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கிடைக்காது. ஒரு கணினிக்காக இவ்வளவு தேவையில்லை டீச்சர், பெங்குவின் அண்ணன் சொன்னதே போதும்.

தலவாக்கலை டீச்சர்:
பெயர் விஜிஏ1 என்று இருந்தது, நல்லவேளை பார்த்தேன். மாற்றி எழுதிய பிறகு 1280×1024 வந்துவிட்டது. வேறு மொனிட்டர் மாட்டித் திரை கறுத்தால் என்ன செய்வது?

ஹட்டன் பெங்குவின்:
கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி எழுத்துத் திரையில் நுழைந்து அந்த 10-மொனிட்டர்.கொன்ஃப் கோப்பை அழித்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். பழைய 1024×768க்கே திரும்பிவிடும்.