நன்னீர்த் தொட்டியும் ‘மிகைப்பாசித் தணிப்பு’ என்னும் சொல்லும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

சிறிய நன்னீர் மீன்தொட்டியில் மருந்து ஊற்றாமல் பாசியை அளவோடு வைத்திருக்கும் முறைக்கு ‘பாசி ஒழிப்பு’, ‘பாசிக் கட்டுப்பாடு’ ஆகிய இரண்டு சொற்கள் இந்தக் கலைச்சொல் உரையாடலில் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை.

இராமநாதபுரம் கடற்கரையில், குறிப்பாகப் பாம்பன், மண்டபம் பகுதிகளில், ‘பாசி எடுக்கப் போகிறோம்’ என்றால் அது பெண்கள் கடலில் மூழ்கிச் செய்யும் தொழில். கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி என்று இனம் பிரித்து அவர்கள் சேர்ப்பவை அகர் என்னும் கூழ்மப் பொருளைத் தயாரிக்க மூலப்பொருளாகின்றன. ஊருணி நீருக்குள் வளரும் வேலம்பாசியோ ஆல்காவே அன்று. அது பூக்கும் தாவரம். அதைத் தொட்டியில் வளர்த்தால், மீன்கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் விரைவாக உறிஞ்சிக்கொண்டு, கண்ணாடியில் படியும் பச்சைக்கு உணவு கிடைக்காமல் செய்துவிடும். எனவே ‘பாசி ஒழிப்பு’ என்று எழுதினால், துணைக்கு வைத்த பாசியையும் பிடுங்கச் சொல்வதாக எங்கள் பகுதி வாசகர் பொருள்கொள்ள இடமுண்டு.

ஒழிப்பு என்பது செயலளவிலும் பொருந்தாது. கண்ணாடியிலும் கல்லிலும் மெலிதாகப் படியும் பாசி நத்தைக்கும் மோலி மீனுக்கும் இரை; அது முற்றிலும் இல்லாத தொட்டியை யாரும் நாட வேண்டியதில்லை. தொல்லை அது மிகும்போதுதான் தொடங்குகிறது. மிகுவதற்குக் காரணமும் வேறு மிகைகளே. சன்னல் வெயில் நேரே விழுவது, விளக்கை நாள் முழுதும் எரியவிடுவது, மீன்கள் சில நிமிடங்களில் தின்று முடிக்காத அளவுக்கு இரை போடுவது ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. எங்கள் ஊர் வெக்கையில் இன்னொன்றும் சேரும்: நீர் ஆவியாகிக் குறைந்த அளவுக்குப் புதுநீர் ஊற்றினால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பும் நைட்ரேட்டும் தொட்டியிலேயே தங்கிச் செறிவடைகின்றன. ஆகவே வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை வெளியேற்றிவிட்டே புதுநீர் விட வேண்டும். விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும்.

‘கட்டுப்பாடு’ இக்காரணங்களைச் சுட்டவில்லை. பாசிக்கொல்லி ஊற்றுவதையும் அதே சொல் குறிக்கும். ஆகவே ‘மிகைப்பாசித் தணிப்பு’ என்பதை முன்மொழிகிறேன். மிகை என்னும் அடை கடற்பாசியையும் வேலம்பாசியையும் விலக்கி நிறுத்துகிறது. தணிப்பு என்பது, காரணத்தைக் குறைத்தால் விளைவு தானே அடங்கும் என்னும் முறையை உணர்த்துகிறது. கொல்லிகளை இது தழுவாததால் ‘இயற்கை’ என்ற முன்னடையும் தேவைப்படாது.

நீலப்பச்சைப்பாசி உண்மையில் பாக்டீரியா ஆயிற்றே, அதை இச்சொல்லில் அடக்கலாமா என்று கேட்கப்படலாம். வகைப்பாட்டை வைத்து அன்றி மிகுதியை வைத்துப் பெயரிடுவதால் அடக்கலாம் என்பதே என் கருத்து. எனினும் நத்தைகள் பெரும்பாலும் அதைத் தின்பதில்லை. ஆதலால் விளக்கக் குறிப்பில் அதனைத் தனியே சொல்ல வேண்டும். நுண்பாசி பெருகி நீர் முழுவதும் பச்சையாகும் நிலைக்கு ‘பச்சைநீர்’ என்னும் வழக்குச் சொல்லே போதுமா, வேறு சொல் வேண்டுமா என்பதையும் நண்பர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.