ஆதார் நகல் கொடுத்த அனுபவங்கள்

அம்மாவின் முதியோர் உதவித்தொகைக்காக ஓர் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஆதார் ஜெராக்ஸ் கேட்டார்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை நீட்டினேன். "இதெல்லாம் செல்லாதுங்க, முழு நம்பர் வேணும்" என்றார் அங்கிருந்தவர். சரி, உதவித்தொகைக்கு ஆதார் எண் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எண்ணைக் கணினியில் ஏற்றிக்கொள்ளட்டும், நகல் எதற்கு? அவருக்குப் பின்னால் ஜன்னல் திட்டில் பழைய விண்ணப்பக் கட்டுகள் கிடந்தன. மேல் தாளில் ஒரு பாட்டியின் படம், ஆதார் எண், ஓரத்தில் பேனாவால் எழுதிய செல்பேசி எண். வருகிறவர் போகிறவர் எல்லோரும் படிக்கலாம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்டில். அந்தத் தீர்ப்பு இந்த ஜன்னல் வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லையே என்று வயிறு எரிந்தது. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே, நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள் என்று அறிவித்தது. இரண்டே நாளில் அது வாபஸ். மக்கள் எதை நம்புவது?

பதில் 1:
நான் பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தவள். பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் இ-ஆதாரை, அதாவது இணையத்திலிருந்து இறக்கிய ஆதார் ஃபைலை, கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்புவார்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் பாஸ்வேர்ட் என்பதால் நாங்களே திறந்துகொள்வோம். ஓடிபி வந்தால் நாலு பேர் நடுவில் சத்தமாகப் படித்துச் சொல்வார்கள். சாயங்காலம் நான் எல்லா ஃபைலையும் அழிப்பேன். "இருக்கட்டும்மா, திரும்ப வந்து கேட்பாங்க" என்பார் முதலாளி. கெட்ட எண்ணமில்லை. ஆனால் அத்தனை குடும்பங்களின் விவரமும் அந்த ஒரே கணினியில்.

பதில் 2:
கைரேகையை வைத்து வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் மோசடி நடப்பதால், ஆதார் தளத்தில் பயோமெட்ரிக் லாக் போட்டுவிடுங்கள், அதாவது கைரேகையை யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டிவிடுங்கள். நம் ஆதாரை எப்போது எதற்குச் சரிபார்த்தார்கள் என்ற பட்டியலும் அங்கேயே கிடைக்கும், கடந்த ஆறு மாதத்துக்கு. பூட்டிவிட்டால் ரேஷன் கடையில் விரல் வைக்கும்போது ஏற்காது, முன்கூட்டியே திறந்துவிட்டுப் போக வேண்டும். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இது பெரும்பாடு. அதனால் எனக்குப் போட்டிருக்கிறேன், ரேஷன் வாங்கப் போகும் அப்பாவுக்குப் போடவில்லை.